நானோ பில்டர் வாங்கலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கமெல்லாம் இப்போது "நானோ பில்டர்" என்று பெயர் போட்டு வீட்டு வாசலுக்கே விற்க வருகிறார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே. அவசரத்தில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்: உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த பில்டரும் வாங்காதீர்கள், நானோவோ என்னவோ.

முதலில், நானோ என்றால் என்ன?

ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். ஒன்றிலிருந்து நூறு நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை நானோ பொருள் என்பார்கள். அது ஒரே ஒரு பொருளின் பெயர் இல்லை, அளவைக் குறிக்கும் பெயர். வெள்ளியிலும் செய்யலாம், இரும்பிலும் செய்யலாம், அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடிலும் செய்யலாம், ஒவ்வொன்றும் செய்கிற வேலை வேறு.

அவ்வளவு சின்னதாக்கி என்ன லாபம்? பரப்பளவுதான். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள ஒரு கட்டியை எடுத்தால் அதன் ஆறு முகமும் சேர்ந்து 6 சதுர சென்டிமீட்டர் வரும். அதே கட்டியை ஒரு நானோமீட்டர் கட்டிகளாக நறுக்க முடிந்தால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கு ஒட்டிக்கொள்வது மேற்பரப்பில்தான் என்பதால், அதே எடைப் பொருள் பல மடங்கு வேலை செய்யும். மற்றபடி மந்திரம் ஒன்றும் இல்லை.

எங்கள் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, ருசியும் நன்றாக இருக்கிறது. அதில் என்ன பிரச்சினை?

ஃபுளோரைடு. நம் இரண்டு மாவட்டத்துக்கும் அடியில் இருப்பது கிரானைட், நைஸ், சார்னகைட் வகைப் பாறைகள். அவற்றில் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அப்பட்டைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. மழை குறைந்த பூமி, தண்ணீர் பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்குகிறது, காரத்தன்மையும் கூடுதல், சுண்ணாம்புச் சத்து குறைவாக உள்ள இடங்களில் ஃபுளோரைடைக் கட்டிப்போடவும் ஆள் இல்லை. அதனால் பாறையிலிருந்து கரைந்து தண்ணீரோடு வந்துவிடுகிறது. யாரும் கொண்டுவந்து கொட்டியது இல்லை, தொழிற்சாலையைக் குறை சொல்லவும் முடியாது.

நிறம் கிடையாது, வாசம் கிடையாது, இந்த அளவில் ருசியிலும் தெரியாது. இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500-இன்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனமும் 1.5 என்றுதான் சொல்கிறது. அதற்கு மேல் போனால் முதலில் தெரிவது குழந்தைகளின் பல்லில், வெள்ளைத் திட்டு, அப்புறம் காவிக் கறை. பல ஆண்டுகள் அதிக அளவில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளைந்து, குத்துக்காலிட்டு உட்காரவே முடியாமல் போகும்.

டி.டி.எஸ். பேனாவில் 350 காட்டுகிறது, விற்க வந்தவர் "சூப்பர் தண்ணி" என்றார். சரிதானே?

அந்தப் பேனா அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை. அதிலிருந்து கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவை ஒரு மதிப்பீடாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. 350-ல் ஃபுளோரைடு 0.5-ஆகவும் இருக்கலாம், 4-ஆகவும் இருக்கலாம், பேனா இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஃபுளோரைடை டி.டி.எஸ். பேனாவால் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் எப்படித்தான் சோதிப்பது?

இரண்டு வழி. ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் இதைப் பயன்படுத்த ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சின்னக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டை விடுவார்கள். ஃபுளோரைடு இல்லாவிட்டால் இளஞ்சிவப்பாகவே நிற்கும், கூடக் கூட வெளிறி ஆரஞ்சாகி மஞ்சள் பக்கம் போகும். பெட்டியோடு வரும் நிற அட்டையில் வைத்து ஒப்பிட்டால் 1-ஆ 2-ஆ 3-ஆ என்று தோராயமாகத் தெரிந்துவிடும். வெயிலில் வைத்துப் பார்க்காதீர்கள், நிழலில் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தால்தான் நிறம் ஏமாற்றாது.

துல்லியமாக வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பைப்பில் தேங்கிய பழைய தண்ணீர் போன பிறகு, நன்றாகக் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது. பாட்டிலின் மேல் எந்த போர், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டு போரின் முடிவை வைத்து உங்கள் தண்ணீரை முடிவு பண்ண முடியாது. ஒரே தெருவில் இரண்டு போருக்குப் பாறை விரிசல் வேறு வேறாக இருக்கும்.

நானோ வெள்ளி போட்ட பில்டர் ஃபுளோரைடை எடுக்குமா?

எடுக்காது. இந்தப் பக்கத்தில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய பதில் இதுதான், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

நானோ வெள்ளி கிருமியைக் கொல்லும். வெள்ளித் துகளிலிருந்து மெல்ல மெல்லக் கசியும் வெள்ளி அயனி (மின்னேற்றம் உள்ள வெள்ளி அணு) பாக்டீரியாவின் புரதத்தைப் போய்ப் பிடித்து அதன் இயக்கத்தையே முடக்கிவிடும். 2009 டிசம்பரில் வந்த டாடா ஸ்வச் பில்டர் அந்த வகைதான். நெல் உமிச் சாம்பலில் நானோ வெள்ளியை ஏற்றி, கரண்ட் இல்லாமலே வேலை செய்யும்படி செய்தார்கள். வாந்தி பேதி வரவைக்கும் தண்ணீருக்கு அது நல்ல யோசனை. ஆனால் ஃபுளோரைடு உயிருள்ள கிருமி இல்லை, சர்க்கரை மாதிரி தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து நிற்பது, அதைக் கொல்ல என்ன இருக்கிறது?

"நானோ துளை வழியாக வடிகட்டுகிறோம்" என்று சொல்லும் யு.எஃப். (நுண்துளைச் சவ்வு) பில்டருக்கும் இதே பதில்தான். அதன் துளை சுமார் 10 முதல் 100 நானோமீட்டர். பாக்டீரியா ஆயிரம் நானோமீட்டர் அளவில் இருப்பதால் மாட்டிக்கொள்ளும். ஃபுளோரைடு அயனி ஒரு நானோமீட்டரில் பாதிகூட இல்லை. வாசலைத் திறந்து வைத்துவிட்டுக் கொசுவைத் தடுக்கிறேன் என்பது போலத்தான்.

சரி, ஃபுளோரைடைப் பிடிக்கும் நானோ பொருள் எது?

ஆய்வுகளில் அதிகம் அடிபடுபவை அலுமினா, மக்னீசியம் ஆக்சைடு, இரும்பு, சீரியம், சிர்க்கோனியம் ஆக்சைடுகள், அப்புறம் ஹைட்ராக்ஸிஅப்பட்டைட். இவற்றின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் என்ற ஒரு சின்னக் கூட்டு தொங்கிக்கொண்டிருக்கும், ஃபுளோரைடு வந்ததும் அதை இறக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் ஹைட்ராக்ஸிஅப்பட்டைட் கதை சுவாரசியமானது. நம் பல்லும் எலும்பும் ஆகியிருப்பதே அந்தக் கனிமத்தால்தான். அதாவது ஃபுளோரைடு நம் உடம்பில் எந்த வேலையைச் செய்து எலும்பைக் கெடுக்கிறதோ, அதே வேலையை பில்டருக்குள்ளேயே செய்யவைத்து அங்கேயே பிடித்துவைக்கிறோம். பழைய முறையில் இதற்கு மாட்டு எலும்பைச் சுட்டுக் கரியாக்கிப் பயன்படுத்துவார்கள். ஆப்பிரிக்காவில் சில இடங்களில் நடக்கிறது, நம் ஊரில் அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னால் பில்டரைத் தூக்கித் தெருவில் போட்டுவிடுவார்கள். ஆய்வகத்தில் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சேர்த்து நானோ அளவில் செய்தால் எலும்பே தேவையில்லை.

சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பது ஆக்டிவேட்டட் அலுமினா. அது நானோ இல்லை, குண்டு குண்டாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு குண்டுக்குள்ளும் நானோ அளவுத் துளைகள் ஏராளம். நானோ பொடியை அப்படியே போட்டால் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்காது, பொடியும் தண்ணீரோடு வந்துவிடும். அதனால் நல்ல நானோ பில்டர்களிலும் துகளை ஏதாவது ஒரு மணி மேல் பூசியோ பாலிமருக்குள் பூட்டியோதான் வைத்திருப்பார்கள்.

ஒரு முறை வாங்கினால் எத்தனை நாள் வரும்?

விற்பவர் "லைஃப் டைம்" என்பார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் போரில் ஃபுளோரைடு 4 மில்லிகிராம், அதை 1-க்கு இறக்க வேண்டும் என்றால் லிட்டருக்கு 3 மில்லிகிராம் பிடிக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால் தினமும் 60 மில்லிகிராம். பில்டரில் 3 கிலோ அலுமினா இருக்கிறது, அது கிராமுக்கு ஒன்றரை மில்லிகிராம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4,500 மில்லிகிராம். 60-ஆல் வகுத்தால் 75 நாள். இரண்டரை மாதத்தில் இடம் நிரம்பிவிடும், அப்புறம் தண்ணீர் வழக்கம்போல இறங்கிக்கொண்டுதான் இருக்கும், ஃபுளோரைடும் கூடவே இறங்கும். கேண்டில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நின்று நமக்குத் தெரிவிக்கும், இது அப்படித் தெரிவிக்காது.

அறிவியல் கட்டுரைகளில் கிராமுக்கு 50, 100 மில்லிகிராம் பிடித்ததாக எண்கள் வரும். அவை பெரும்பாலும் காய்ச்சி வடித்த சுத்த நீரில் ஃபுளோரைடை நிறையக் கலந்து, புளிப்புத்தன்மையையும் தோதாக வைத்து எடுத்தவை. அலுமினாவுக்குப் பிடித்தமான பி.எச். (புளிப்பு, கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5 முதல் 6 வரை. நம் போர் தண்ணீர் பி.எச். 8-ஐத் தொட்டு நிற்கும், பைகார்பனேட்டும் நிறைய, அந்த இடத்துக்கு அதுவும் போட்டிக்கு வரும். ஆய்வக எண்ணைப் பார்த்துப் பொருள் வாங்கினால் நம் தண்ணீரில் அது பாதி வேலைகூடச் செய்யாமல் போகலாம்.

நிரம்பிய அலுமினாவைக் காஸ்டிக் சோடாவில் கழுவி, பிறகு அமிலத்தில் நடுநிலையாக்கித் திரும்பப் பயன்படுத்த முடியும். வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது.

சென்னை ஐ.ஐ.டி.யில் நானோவில் தண்ணீர் சுத்திகரிப்பு கண்டுபிடித்திருக்கிறார்களாமே?

ஆமாம், நிஜமான வேலை. பேராசிரியர் டி. பிரதீப் குழுவினருடையது. இரால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளுக்குள் நானோ அளவு இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடைப் பூட்டி வைத்தார்கள், பெயர் அம்ரித். ஆர்சனிக் என்ற நச்சைத் தண்ணீரிலிருந்து பிடிக்கும். சாதாரண வெப்பநிலையில், தண்ணீரிலேயே தயாரித்துவிடலாம், உலை தேவையில்லை. இந்த வகைப் பொருளை வைத்து ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் நல்ல தண்ணீர் கொடுக்கலாம் என்று 2013-ல் வெளியான கட்டுரையில் கணக்குக் காட்டினார்கள். அவருக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் ஆர்சனிக் என்பது முக்கியமாக மேற்கு வங்கம், பீகார் பக்கப் பிரச்சினை. அங்கே ஜெயித்த பொருள் என்பதற்காக இங்கே ஃபுளோரைடுக்கும் அதே பொருள் போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. "ஐ.ஐ.டி. டெக்னாலஜி" என்று நோட்டீஸில் போட்டிருந்தால், எந்த மாசுக்கு என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

ஆர்.ஓ. போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லையே?

ஆர்.ஓ. என்பது தண்ணீரை அழுத்தி மெம்பிரேன் என்ற மிக நுண்ணிய சவ்வு வழியே தள்ளும் பில்டர், ஃபுளோரைடு விஷயத்தில் நன்றாகவே வேலை செய்யும், பெரும் பகுதியை நீக்கிவிடும். விலை வேறு இடத்தில் இருக்கிறது: வீட்டு ஆர்.ஓ. உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாகத் தள்ளும், அந்தக் கழிவில் ஃபுளோரைடு இன்னும் செறிவாக இருக்கும். ஆயிரம் அடி போட்டும் காற்று வருகிற ஊரில் இதை யோசிக்கத்தான் வேண்டும். கழிவுத் தண்ணீரைப் பாத்திரம் விளக்க, வீடு துடைக்க, கழிவறைக்குப் பிடித்து வையுங்கள். போர் பக்கத்திலேயே குழி வெட்டி உள்ளே இறக்காதீர்கள். மெம்பிரேனும் காலத்துக்கு மாற்ற வேண்டும், அதற்கும் செலவு உண்டு.

காய்ச்சிக் குடித்தால்?

கிருமி சாகும், ஃபுளோரைடு கூடும். 4 மில்லிகிராம் உள்ள 5 லிட்டரைக் கொதிக்கவைத்து 4 லிட்டராகச் சுண்டினால் அது 5 மில்லிகிராம் ஆகிவிடும்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். நிறையப் பேர் குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் பிடித்துவிட்டு உலைக்குப் போர் தண்ணீரை வைக்கிறார்கள். சோறு வடித்தால் கஞ்சியோடு கொஞ்சமாவது போகும். கேழ்வரகுக் களி கிண்டும்போது வைத்த தண்ணீர் முழுக்க மாவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும், ஃபுளோரைடும் அதோடுதான். களி சாப்பிடுகிற வீட்டில் சமையல் தண்ணீரும் குடிதண்ணீர்தான். தேயிலையிலும் இயல்பாகவே ஃபுளோரைடு உண்டு, கடுங்காப்பிக்காரர்கள் தப்பித்தார்கள், கடுந்தேநீர்க்காரர்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. அப்புறமும் பில்டர் வேண்டுமா?

ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே ஃபுளோரைடுக்காகத்தான், அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று உண்டு. 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. சுத்திகரித்த காவிரித் தண்ணீர் அப்படியே உங்கள் குழாய்க்கு வந்தால் ஃபுளோரைடு பில்டர் வாங்கத் தேவையில்லை, அந்தக் காசில் வேறு ஏதாவது செய்யலாம்.

சிக்கல் எங்கே என்றால், தண்ணீர் போதாத நாளில் ஊர் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரும் ஏறினால் இரண்டும் கலந்துதான் வரும். 0.3 உள்ள ஆற்றுத் தண்ணீரும் 4 உள்ள போர் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 2.15, அளவுக்கு மேல்தான். அதனால் குழாய்த் தண்ணீரையும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், முடிந்தால் வெயில் காலத்தில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை. மாடித் தண்ணீரைப் பிடித்து வைக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது, மழைநீரில் ஃபுளோரைடு அனேகமாக இருக்காது.

நானோ துகள் வயிற்றுக்குள் போனால் கெடுதல் இல்லையா?

நியாயமான பயம். துகள் சரியாகப் பூட்டப்படாவிட்டால் தண்ணீரோடு வரும். வெள்ளிக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், நல்ல தயாரிப்புகள் அதற்குள் நிற்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. அலுமினா என்றால் வெளிவரும் தண்ணீரில் அலுமினியம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடை நீக்கும் நல்கொண்டா முறையிலும் இதே கவலை உண்டு. முதல் முறை பில்டரில் தண்ணீர் விடும்போது கலங்கலாகவோ பொடியாகவோ வந்தால் அதைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள், தொடர்ந்து வந்தால் பில்டரையே திருப்பிக் கொடுங்கள்.

நானோ பவுடரைக் கிணற்றில், சின்டெக்ஸ் டேங்கில் கொட்டினால் போதும் என்கிறார்களே?

வேண்டாம். பிடித்த ஃபுளோரைடோடு அந்தப் பவுடரைத் திரும்ப வெளியே எடுக்க வழி இல்லாதவரை, அது தண்ணீரில்தான் கிடக்கும்.

கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையை நானோவால் சரிசெய்ய முடியுமா?

ஓசூர்க்காரர்கள் கேட்காமல் விடுவதில்லை. பெங்களூரு பக்கமிருந்து தென்பெண்ணையில் வரும் சோப்பும் சாக்கடையும் ஆலைக் கழிவும்தான் அந்த நுரை. டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகளின் மேல் புற ஊதா ஒளி பட்டால் சோப்பு மாதிரியான கரிமப் பொருளை உடைக்கும், அது உண்மை. நானோ இரும்பு, ஆறு இணைதிறன் குரோமியத்தை நச்சுக் குறைந்த மூன்று இணைதிறனாக மாற்றும், அதனால் முலாம் பூசும் பட்டறைக் கழிவுக்கு அது பொருந்தும். ஆனால் இவை தொட்டிக்குள், அளந்து வரும் கழிவில் செய்கிற வேலை. ஓடுகிற ஆற்றில், அதுவும் கலங்கிய தண்ணீரில் ஒளியே உள்ளே இறங்காது. கழிவு ஆற்றில் விழும் முன்னே சுத்திகரிக்க வேண்டியதை அணையில் வந்து நானோவால் கழுவலாம் என்பது தப்பிக்கிற பேச்சு.

விற்க வருபவரிடம் என்ன கேட்பது?

எந்த மாசை எடுக்கும், எத்தனையிலிருந்து எத்தனைக்கு இறக்கும், எங்கள் ஊர்த் தண்ணீரில் எத்தனை லிட்டர் வரை, மருந்து (உள்ளே மாசைப் பிடிக்கும் பொருள்) மாற்ற எவ்வளவு. இதை எழுதித் தரச் சொல்லுங்கள், பில்லின் பின்பக்கத்திலாவது. மாதிரிக்கு ஒரு குடம் வடிகட்டிக் கொடுத்தால் அந்தத் தண்ணீரை நீங்களே எடுத்துப் போய்ச் சோதியுங்கள், அவர் கொண்டுவரும் ரிப்போர்ட் வேண்டாம். பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ இலவசமாக வைக்கிறேன் என்று யாராவது வந்தால் ஒன்றைக் கூடுதலாகக் கேளுங்கள்: மூன்றாவது மாதம் மருந்து மாற்றப்போவது யார்? அதற்குப் பதில் இல்லாத பில்டர்கள்தான் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும் பயன்பட்டுக்கொண்டு மூலையில் நிற்கின்றன.

பல்லில் ஏற்கெனவே கறை விழுந்துவிட்டது, நல்ல தண்ணீர் குடித்தால் போகுமா?

போகாது. ஈறுக்குள் பல் உருவாகும்போதே, சுமார் 8 வயதுக்குள், எனாமலில் பதிந்துவிடுவது அது. பல் மருத்துவர் மேலே பூசி மறைக்கலாம். இனி முளைக்கப்போகும் பற்களையும், பெரியவர்களின் எலும்பையும் காப்பாற்றத்தான் நல்ல தண்ணீர். அதனால் வீட்டில் ஒரு குடம்தான் கிடைக்கிறது என்றால் அது சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில்.

பால், கீரை, கேழ்வரகு என்று சுண்ணாம்புச் சத்துள்ள சாப்பாடு கொஞ்சம் உதவும். புளி பற்றியும் கேட்கிறார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், தினம் 10 கிராம் புளி சாப்பிட்ட பையன்களின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியதைக் கண்டார்கள். புளி விளைகிற மாவட்டத்துக்காரர்களுக்கு நல்ல செய்திதான், ஆனால் புளிக்குழம்பு தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று கிளம்பிவிடாதீர்கள்.

தீர்ந்துபோன பில்டர் மருந்தை எங்கே போடுவது?

கிணற்றோரத்திலும் குப்பைமேட்டிலும் வேண்டாம், அதில் மாதக்கணக்கில் பிடித்த ஃபுளோரைடு மொத்தமும் இருக்கிறது, மழையில் திரும்பக் கரையும். விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

குளிக்க, மாட்டுக்கு, தக்காளித் தோட்டத்துக்கு?

குளிக்க, துவைக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஃபுளோரைடு தோல் வழியாகச் சொல்லும்படி உள்ளே போவதில்லை. தோட்டத்துத் தண்ணீருக்கு பில்டர் தேட வேண்டாம், அந்த அளவுத் தண்ணீருக்கு எந்த நானோவும் கட்டுப்படியாகாது. மாட்டுக்கும் இந்த நோய் வரும், பல் தேய்ந்து கறுக்கும், நொண்டும். ஊரில் ஏரியோ குட்டையோ நிரம்பியிருக்கும் மாதங்களில் அந்தத் தண்ணீரைக் காட்டுங்கள், ஃபுளோரைடு கூடிய போர் தண்ணீரைவிட அது தேவலாம்.